தோலுக்கு அடியில் தட்டம்மை

1931-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ட்ரெட் வார்த்தின், சில குழந்தைகளுக்கு அறுவை செய்து எடுத்த டான்சில் சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வழக்கமாக ஒரு செல்லுக்குள் ஒரு உட்கருதான் இருக்கும். அவர் பார்த்த சதையிலோ பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெருத்துப்போய், முசுக்கட்டைப் பழம்போல உட்கருக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. சில செல்களில் அவற்றின் எண்ணிக்கை நூறைத் தொட்டது. டான்சில் எடுத்த அன்று அந்தக் குழந்தைகளின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. சில நாள் கழித்துத்தான் தட்டம்மை வெளியே தெரிந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபிங்கெல்டேயும் இதையே கண்டு எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்து வார்த்தின்–ஃபிங்கெல்டே செல்கள் என்றே இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. குடல்வால் அழற்சி என்று வயிற்றைத் திறந்து எடுத்த குடல்வாலிலும் பிற்பாடு இவை தென்பட்டன. வயிற்றுவலியோடு வந்த பிள்ளைக்கு அறுவையும் முடிந்துவிடும். தையல் பிரிப்பதற்குள் முகத்தில் அம்மை போட்டுவிடும்.

தட்டம்மையைப் பற்றிய பேச்சு எப்போதும் தோலிலேயே நின்றுவிடுகிறது. கிராமத்தில் மணல்வாரி, யாழ்ப்பாணத்தில் சின்னமுத்து என்று சொல்லப்படும் இந்த நோயில் மிகக் குறைந்த சேதம் அடைவது தோல்தான். தடிப்பு ஒரு வாரத்தில் மங்கிவிடும், தழும்பும் இருக்காது. சேதம் நடப்பது வேறு இடங்களில்: நுரையீரலில், கருவிழியில், குடலில், கல்லீரலில், எலும்பு மஜ்ஜையில், மூளையில். அதுவும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. சில உறுப்புகள் தடிப்புக்கு முன்பே அடிவாங்குகின்றன. சில, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நினைக்கும் நாளில். ஒன்று மட்டும் ஏழெட்டு ஆண்டு கழித்து. ‘அரிதான பாதிப்பு’ என்று மருத்துவ ஏடுகள் குறிப்பவற்றில் பல, நோய்க்கும் விளைவுக்கும் இடையே உள்ள இந்தக் கால இடைவெளியால்தான் அரிதாகத் தோன்றுகின்றன என்பது என் எண்ணம். நோயாளியின் பழைய கதையைக் கேட்காவிட்டால் கண் டாக்டருக்கோ காது டாக்டருக்கோ தட்டம்மை நினைவுக்கே வராது.

வைரஸ் உடம்புக்குள் போகும் வழி இந்த நூற்றாண்டில்தான் துலங்கியது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் யூசுகே யனாகியின் குழு 2000-இல் ஒரு வாசலைக் கண்டுபிடித்தது. ‘ஸ்லாம்’ என்ற புரதம் அது; நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் இருப்பது. அதாவது மூச்சில் புகும் வைரஸ் முதலில் பிடிப்பது தொண்டைச் சவ்வை அல்ல, காவலுக்கு நிற்கும் வெள்ளையணுவையே. அந்த அணுக்கள் அதை நிணநீர்க்கணுக்களுக்குச் சுமந்து செல்கின்றன. அங்கே பெருகி, ரத்தத்தில் கலந்து, மண்ணீரல், குடல், தோல் என்று எங்கும் பரவுகிறது. இரண்டாவது வாசல் ‘நெக்டின்-4’, 2011-இல் தெரியவந்தது. இது மூச்சுக்குழாய்ச் செல்களின் உட்பக்கத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் சுற்றிய வைரஸ் இந்த வாசல் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஏறி, இருமலோடு வெளியே போய் அடுத்தவரைத் தேடுகிறது. எதிர்ப்பே இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார் என்ற கணக்கு இந்த ஏற்பாட்டால் வருவது.

தடிப்பு என்பது வைரஸ் தோலைத் தின்பதால் வருவதன்று. தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் வைரஸ் குடியேறியதைக் கண்டு டி-செல்கள் தாக்குவதால் வருவது. உடம்பு போராடுகிறது என்பதற்கு அது அடையாளம். போராட ஆளில்லாத உடம்பில் தடிப்பு இருக்காது என்பதுதான் இதில் பயமூட்டும் பகுதி. வியன்னாவில் விக்டர் ஹெக்ட் 1910-இலேயே குழந்தைகளின் நுரையீரலில் ராட்சதச் செல்கள் நிறைந்த ஒருவகை நிமோனியாவை விவரித்திருந்தார். அரை நூற்றாண்டு அதன் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. 1959-இல் வைரஸ் ஆய்வாளர் ஜான் எண்டர்ஸ் குழுவினர், உடம்பில் தடிப்பே காணாமல் அப்படி நிமோனியாவில் இறந்த குழந்தைகளின் நுரையீரலிலிருந்து தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தப்புற்று சிகிச்சையில் இருக்கும் குழந்தை, எச்.ஐ.வி. உள்ள குழந்தை, உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆகியோருக்குத் தட்டம்மை இந்த வேடத்தில் வரலாம்: அம்மையில்லாத அம்மை.

மற்றவர்களுக்கும் நுரையீரலே பெரிய கண்டம். தட்டம்மைச் சாவுகளில் பெரும்பகுதி நிமோனியாவால் நேர்வது. வைரஸ் நேரடியாகத் தாக்கலாம். பெரும்பாலும் அது புண்ணாக்கிவிட்ட மூச்சுக்குழாயில் பாக்டீரியா வந்து குடியேறும். அபூர்வமாக, கடும் இருமலில் நுரையீரலின் காற்றறைகள் கிழிந்து, காற்று நெஞ்சின் நடுப்பகுதிக்கும் கழுத்துத் தோலுக்கு அடியிலும் ஏறிவிடும். கழுத்தை விரலால் அழுத்தினால் நறநறவென்று கேட்கும். பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் இது பலருக்குத் தானே வடிந்துவிடும். நீடிக்கும் சேதம் வேறு: சிறிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடுவது, பெரியவை விரிந்து சளிக்கிடங்காவது. தடுப்பூசி வராத காலத்துப் பெரியவர்கள் பலருக்கு ஆயுள் முழுக்க இருந்த இருமலுக்குச் சிறுவயதுத் தட்டம்மை ஒரு காரணம்.

எந்தப் பரிசோதனையிலும் எளிதில் தெரியாத சேதம் ஒன்றுண்டு. மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1908-இல் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் தடித்து வீங்கும் குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தால், அந்த வீக்கம் சில வாரம் வராமலே போய்விடுகிறது. உடம்பு தன் பழைய எதிரியை மறந்துவிட்டதுபோல. இதன் முழு அளவு 2019-இல்தான் தெரிந்தது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. நினைவைத் தாங்கும் வெள்ளையணுக்களில்தான் ‘ஸ்லாம்’ வாசல் நிறைய இருக்கிறது. வைரஸ் அவற்றையே அழிக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தை ஓர் உறுப்பாகக் கணக்கில் எடுத்தால், கடும் தட்டம்மையில் மிகப் பரவலாகச் சேதமாகும் உறுப்பு அதுதான். பிறகு வரும் வயிற்றுப்போக்கு, காதில் சீழ், மறுபடி தலைதூக்கும் காசம் எல்லாம் இதன் வால்.

நம் ஊர் வழக்கத்தோடு இது மோதும் இடம் ஒன்றிருக்கிறது. அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் விட்டு, கோயிலுக்குக் கூழ் ஊற்றி, காரியம் முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவோம். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் வராமல் தடுத்த முறைக்குத் தொற்றைக் கட்டுப்படுத்தும் பயன் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் விட்ட பிறகான வாரங்கள்தான் எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் கிடக்கும் காலம். இன்னொன்று பத்தியம். முட்டை, மீன், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியோடு வைத்திருக்கும்போது உடம்பில் மிச்சமிருந்த வைட்டமின் ஏ-யும் தீர்ந்துபோகிறது. அடி விழுவது கண்ணில்.

கண்ணில் நடப்பதைச் சற்று நின்று பார்க்கலாம். தட்டம்மை வந்த ஏறக்குறைய எல்லாருக்குமே கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசும். கருவிழியின் மேல்தோலில் ஊசிமுனைப் புண்கள் இருக்கும். நல்ல ஊட்டத்தோடு இருக்கும் குழந்தைக்கு இவை சுவடில்லாமல் ஆறிவிடும். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு ஆறாது. கண்ணீர்ச் சுரப்பு குறைந்து வெள்ளைவிழி வறண்டு சுருக்கம் விழும். கருவிழி பளபளப்பை இழந்து மங்கலாகும். பிறகு அது இளகிக் கரைய ஆரம்பிக்கும். இந்தக் கடைசிக் கட்டம் ஓரிரு நாளில் முடிந்துவிடக்கூடியது. நோயோ கையிருப்பிலுள்ள வைட்டமினை வேகமாகச் செலவழிக்கிறது. சிறுநீர் வழியாகவும் இழக்கவைக்கிறது. எதிர்ப்பு சக்தி சரிந்த நேரம் பார்த்து ஹெர்ப்பிஸ் வைரஸும் கருவிழியில் கைவைக்கும். இதற்கு மேல் கண்ணில் தாய்ப்பால், இலைச்சாறு என்று எதையாவது விட்டால் பாக்டீரியாவுக்குக் கதவு திறந்தாயிற்று. ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் பார்வையிழப்புக்கு நெடுங்காலம் தட்டம்மை முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. 2004-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இந்நோயால் உலகில் ஆண்டுக்கு 15,000 முதல் 60,000 பேர் பார்வை இழக்கிறார்கள் என்றது.

இதற்கான மருந்து கையருகே இருந்தும் பல பத்தாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. லண்டனில் எலிசன் என்ற மருத்துவர் 1932-இல், தட்டம்மையோடு சேர்க்கப்பட்ட 600 குழந்தைகளில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ செறிந்த எண்ணெய் கொடுத்தார். கொடுத்தவர்களில் 11 பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 26 பேர். பிறகு ஆன்டிபயாடிக் யுகம் வந்தது, எல்லாரும் இதை மறந்தார்கள். 1990-இல் கேப் டவுனில் 189 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் இறந்த 12 பேரில் 10 பேர் வைட்டமின் கிடைக்காத பிரிவினர். அதே 1990-இல் திருச்சி மாவட்டத்திலிருந்தும் ஒரு முடிவு வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த எல். ரஹ்மத்துல்லா உள்ளிட்ட குழு 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்ததில், அவர்களிடையே சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. அது தட்டம்மைக்கான சோதனை அல்ல. கண்ணுக்கான சத்து உயிருக்கான சத்தும் என்பதற்கு நம் மண்ணில் கிடைத்த சான்று. இன்று தட்டம்மை கண்ட ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இரண்டு லட்சம் யூனிட் வீதம் இரண்டு நாள் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை அதில் பாதி.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 2025-இல் அமெரிக்காவின் மேற்கு டெக்சஸ் காட்டியது. தடுப்பூசிக்கு மாற்று வைட்டமின் ஏ என்ற பிரசாரத்தை நம்பிப் பெற்றோர் தாங்களாகவே கொடுத்ததில், தட்டம்மையோடு மருத்துவமனைக்கு வந்த சில குழந்தைகளுக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் தாறுமாறாக இருந்தன. அந்தச் சேதம் வைரஸ் செய்ததல்ல, மருந்து செய்தது.

வைரஸே கல்லீரலைத் தொடுவதும் உண்டு, குறிப்பாகப் பெரியவர்களிடம். நோய் கண்ட பெரியவர்களின் ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் உயர்ந்திருப்பது அடிக்கடி காணப்படுவதுதான். மஞ்சள் காமாலை வரை போவது அபூர்வம். இதயத்தில் தசை அழற்சியும் உறை அழற்சியும் வரலாம். ஈ.சி.ஜி.யில் தெரியும் சிறு மாறுதல்கள் பெரும்பாலும் தாமே மறையும். கணைய அழற்சி ஒன்றிரண்டாகப் பதிவாகியிருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் சரிந்து தோலுக்கு அடியிலும் குடலிலும் ரத்தம் கசியும் ‘கறுப்புத் தட்டம்மை’யைப் பழைய மருத்துவ நூல்கள் அச்சத்தோடு குறிப்பிடுகின்றன, இப்போது அது அரிது. வறுமை மிகுந்த இடங்களில் வாய்ப்புண் முற்றி, கன்னத்துச் சதை அழுகிப் பல் தெரிய ஓட்டை விழும் ‘நோமா’ என்ற கொடுமைக்குத் தட்டம்மை அடிக்கடி முன்னோடியாக இருந்திருக்கிறது. கர்ப்பிணிக்கு வந்தால் நிமோனியா கடுமையாகும், கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரலாம்.

சிறுநீரகத்தில் கதையே தலைகீழ். நெஃப்ராட்டிக் நோயால் உடம்பு வீங்கிக் கிடக்கும் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் வீக்கம் வடிந்துவிடுவதை 1940-களில் மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்றவைத்துச் சிகிச்சை செய்து பார்த்தவர்களும் உண்டு. இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும் துணிச்சல்! அந்த நோயே எதிர்ப்பு மண்டலத்தின் அத்துமீறல் என்பதால், எதிர்ப்பை முடக்கும் வைரஸ் அதை அடக்கியது. 1971-இல் உகாண்டாவில் கண்குழியில் பர்கிட் என்ற புற்றுக்கட்டி இருந்த ஒரு சிறுவனுக்குத் தட்டம்மை வந்தபோது கட்டி கரைந்ததும் பதிவாகியிருக்கிறது. புற்றுநோய் செல்களைக் கொல்லத் திருத்தியமைத்த தட்டம்மை வைரஸைப் பயன்படுத்தலாமா என்ற ஆராய்ச்சி இப்படிப்பட்ட கவனிப்புகளின் தொடர்ச்சி.

தட்டம்மைமீது சுமத்தப்பட்டு இன்னும் தீர்ப்பாகாத வழக்குகளும் இருக்கின்றன. காதின் அங்கவடி எலும்பு இறுகிக் கேட்கும் திறன் குறையும் நோயில், அந்த எலும்பிலேயே வைரஸின் மரபுப்பொருள் கிடைத்ததாகப் பல ஆய்வகங்கள் சொல்கின்றன. தடுப்பூசி பரவிய நாடுகளில் அந்த நோய் குறைந்துவருவதும் இதற்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது. எனக்கு இந்த வாதம் வலுவாகவே தோன்றுகிறது. முதுமையில் எலும்பு தடித்துக் கோணும் பேஜட் நோய்க்கும் இதே வைரஸைச் சிலர் கைகாட்டினார்கள். அதில் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குடலில் வரும் குரோன் நோய்க்குத் தட்டம்மை வைரஸே காரணம் என்று 1990-களில் எழுந்த குரல், மேலும் நுட்பமான சோதனைகளில் வைரஸ் அகப்படாததால் அடங்கிப்போனது. அந்தக் குரலுக்குரியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுதான் 1998-இல் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டவர். 2010-இல் லான்செட் இதழ் தான் வெளியிட்ட அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அது பல நாடுகளைச் சுற்றிவிட்டது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளால் பெற்றோர் தயங்க, முகாமை நீட்டிக்க வேண்டிவந்ததும் நினைவிருக்கும்.

மூளையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அங்கே தட்டம்மை மூன்று வெவ்வேறு நோய்களாக வருகிறது. முதலாவது, தடிப்பு வந்த சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும் மூளை அழற்சி. ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு. இங்கே பெரும்பாலும் மூளையைத் தாக்குவது வைரஸன்று, வைரஸால் கிளறிவிடப்பட்ட சொந்த எதிர்ப்பு மண்டலம். எழுத்தாளர் ரோல்ட் டாலின் ஏழு வயது மகள் ஒலிவியா 1962-இல் இப்படித்தான் இறந்தாள். நோய் தேறிவரும் நேரத்தில் தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்றவள் பன்னிரண்டு மணி நேரத்தில் இல்லாமல் போனதை 1986-இல் டால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, எதிர்ப்பு சக்தி இல்லாதவர்களுக்குச் சில மாதம் கழித்து நிற்காத வலிப்பாக வருவது. மூளைக்குள் வைரஸ் உயிரோடு பெருகிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுக்கு மருத்துவர்கள் சொல்லும் சுருக்கப்பெயர் எஸ்.எஸ்.பி.இ. கைக்குழந்தைப் பருவத்தில் தட்டம்மை வந்து தேறிய பிள்ளை, பள்ளிக்கூடம் போய், நன்றாகப் படித்து விளையாடிக்கொண்டிருக்கும். ஆறு முதல் பத்து வருடம் கழித்து ஒருநாள் கையெழுத்து கோணும். படிப்பில் கவனம் போகும், முன்கோபம் வரும். அடம் என்று வீட்டில் அடிப்பார்கள். பிறகு சாப்பிடும்போது கை உதறிக் கவளம் சிதறும். நடக்கும்போது தலை திடீரென்று முன்னால் தொங்கி ஆள் விழும். சிலருக்கு முதல் அறிகுறியே விழித்திரை பாதித்துப் பார்வை மங்குவது. இ.இ.ஜி. எடுத்தால் சில நொடிக்கு ஒருமுறை, ஒரே உயரத்தில், ஒழுங்கு தவறாமல் பெரிய அலைகள் எழுந்து அடங்கும். அந்தத் தாளைப் பார்த்த நரம்பியல் மருத்துவருக்கு மேற்கொண்டு கேட்க அதிகம் இருக்காது. பிறகு பேச்சு, நடை, விழிப்பு ஒவ்வொன்றாகப் போய், பெரும்பாலோர் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் இறக்கிறார்கள். மருந்துகள் சிலருக்கு வேகத்தைக் குறைக்கின்றன, குணமாக்குவதில்லை. நரம்புச் செல்லில் ‘ஸ்லாம்’ கிடையாது, ‘நெக்டின்’ கிடையாது. வாசலே இல்லாத வீட்டுக்குள் இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும்போது அதன் மரபுக்குறிகள் திரிந்து, வெளியே போக உதவும் புரதம் பழுதாகிறது. செல்களை ஒட்டவைக்கும் புரதமோ அளவுமீறி வீரியம் பெறுகிறது. அதனால் அது வெளியேறாமலே ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குத் தாவுகிறது. இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த வைரஸ்கள் எல்லாமே ஊரில் சுற்றும் காட்டு வகை. தடுப்பூசி வகை ஒன்றுகூட அகப்பட்டதில்லை.

பத்தாயிரத்தில் ஒருவர் என்று முன்பு சொல்லிவந்த எஸ்.எஸ்.பி.இ. கணக்கு, வயதைப் பிரித்துப் பார்த்தபோது மாறிவிட்டது. கலிபோர்னியாவில் ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் 1,367 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்குள் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர் என்று ஓர் ஆய்வு கண்டது. இந்தியாவில் முதல் தடுப்பூசி ஒன்பது மாதம் முடிந்து போடப்படுகிறது, இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதற்குப் பல மாதம் முன்பே தீர்ந்துவிடுகிறது. தடுப்பூசியால் மட்டும் எதிர்ப்பு பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். ஆக, ஆபத்து உச்சத்தில் இருக்கும் வயதும் வழக்கமான ஊசி தொடங்காத வயதும் ஒன்றாக அமைந்துவிட்டன. 2022-இல் மும்பையில் நோய் பரவியபோது மத்திய அரசு, நோயாளிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒன்பது மாதத்துக்குட்பட்டவர்களாக இருக்கும் பகுதிகளில் ஆறு மாதக் குழந்தைக்கே ஒரு டோஸ் போடச் சொன்னது. அந்த டோஸ் கணக்கில் சேராது. வழக்கமான இரண்டையும் பிறகு போட்டாக வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை நோயாளியின் அருகில் இருந்துவிட்டால், ஆறு நாளைக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். அந்த வயதுக்கு வேறு கேடயம், சுற்றியிருக்கும் அண்ணன் அக்காக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு ஊசியும் போட்டிருப்பதுதான்.